மாடித் தரையின் வெக்கை

என் கணவர் தீக்காயத்தோடு இரண்டு மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பியபோது, நாங்கள் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தோம். இருவருமே நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்கள். வெடிமருந்து உராய்ந்து பற்றிய தீ அவர் முதுகையும் தொடைகளையும் தின்றுவிட்டது.

புண் ஆறியது. ஆனால் தோல் வைத்து ஒட்டிய இடத்தில் வியர்வை வராது, வெக்கை பட்டால் அரிப்பெடுத்து உயிரை வாங்கும், குளுமையான இடத்தில் வைத்திருங்கள் என்றார் டாக்டர். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

கீழே காலண்டர் அடிப்பார்கள். வார்னிஷ் பூசிய தாளைக் காயவைக்க, ஹீட்டர் வைத்த நீளமான மெஷின் ஒன்று எங்கள் கூடத்துக்கு நேர் அடியில் ஓடியது. சீசன் தொடங்கிவிட்டால் பகல் முழுக்க நிற்காது. பத்து மணிக்கெல்லாம் தரையில் வெறுங்கால் வைக்க முடியாது. இருவரும் காலையில் வேலைக்குப் போய்ப் பொழுதடைந்து திரும்பிய நாட்களில் இது எங்களுக்குத் தெரியவே இல்லை.

கட்டில் போட்டேன். தரையிலிருந்து எழும்பிய சூடு அடியிலேயே தங்கி மெத்தையைக் கொதிக்க வைத்தது. ஈரச்சாக்கு விரித்தேன்; அரைமணியில் காய்ந்தது. இரண்டு மின்விசிறிகள் பகலெல்லாம் சுற்றியும் அனலைத்தான் வீசின. அவர் குறை சொல்கிற ஆள் இல்லை. சுவரில் முதுகு படாமல் குனிந்து, அடுப்படி வாசலில் உட்கார்ந்திருப்பார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

நான் வேலைக்குப் போகாத ஒருநாள் மத்தியானம், பொறுக்கமாட்டாமல் நாலு குடம் தண்ணீரைக் கூடத்தில் ஊற்றிப் பரப்பினேன். அவர் அதன் நடுவில் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார்.

கால்மணி நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. தளத்தின் விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, அச்சடித்து அடுக்கியிருந்த தாள்களை நனைத்துவிட்டிருந்தது. ஏறி வந்தவர் அச்சகத்தின் முதலாளியம்மா. கட்டடமும் அவருடையதுதான். கணவர் இறந்தபிறகு ஒற்றை ஆளாகக் கம்பெனியை நடத்துகிறவர். ஆர்டர் தாள் பாழான கோபம் முகத்தில் தெரிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், தண்ணீர் படாத இடத்தில் கால் வைத்ததும் சட்டென்று பின்வாங்கினார். மறுபடி வைத்துப் பார்த்தார். என் கணவர் பதறி எழுந்து முதுகை மறைக்கத் துண்டைத் தேடினார். அதற்குள் அந்த அம்மா பார்த்துவிட்டார்.

பிறகு என்னிடம் கேட்டார்: "ஏத்தா, இம்புட்டுச் சூட்டுல எப்படி இருக்கீக? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவீகளோன்னு பயமா இருந்துச்சும்மா."

"கீள தாளு காயுதான்னுதான் பாத்தேன். மேல ஆளு இருக்கிறத நெனைக்கலயே" என்றார். பேசும்போது என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

அன்றைக்கு மிச்சப் பொழுதுக்கு ஹீட்டரை அணைக்கச் சொன்னார். சீசன் முடியும்வரை அடியோடு நிறுத்த முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். இரண்டாம் நாள் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். நனைந்த தாள்களைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை.

கொத்தனார் உட்கார்ந்து தரையைத் தட்டிப் பார்த்தார். விரிசலை அடைத்துவிட்டு, சூட்டை மேலே ஏறவிடாத போர்டுகளை இடைவெளியில்லாமல் அடுக்கி, மேலே கம்பிவலை விரித்து, சிமெண்டு போட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார். கீழே மெஷினுக்கு மேல் தகரக் குழாய் வைத்து, காற்றாடி போட்டு அனலைத் தெருப்பக்கம் தள்ளவும் ஏற்பாடானது. வேலை முடியும்வரை சாத்தூரில் என் தங்கை வீட்டில் இருந்தோம். அங்கே போயும் அவருக்கு நம்பிக்கை இல்லை. "தரையில போர்டு போட்டா வெக்கை கேக்குமாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது கூடம் மூன்று விரற்கடை உயர்ந்திருந்தது. கதவு உரசியதால் அதன் அடிப்பக்கத்தை அறுத்திருந்தார்கள். புது மட்டம் பழகாமல் முதல் நாளே நான் இரண்டு தடவை தடுக்கினேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் மெஷின் ஓடத் தொடங்கியது. நான் வேலைக்குப் போகவில்லை. மணிக்கொரு தரம் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தேன். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. லேசான வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. மத்தியானம் திரும்பியதும் மேற்குச் சுவரில் வெயில் ஏறத்தான் செய்தது. அதற்கு ஒரு மின்விசிறி போதுமாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சட்டையைக் கழற்றினார். தரையைக் கையால் தடவிப் பார்த்தார். மெதுவாகச் சாய்ந்து, தீ பட்ட நாளுக்குப் பிறகு முதல்முறையாக மல்லாந்து படுத்தார்.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்ல. சும்மா இரு" என்றார்.

கீழே மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. அவர் அப்படியே தூங்கிப்போனார். நான் அடுப்படியில் பாத்திரம் எதுவும் உருளாமல் பார்த்துக்கொண்டேன்.