மெஷினுக்குக் கேட்காத கோட்டான்

சிந்துஜா அடி அண்ணாமலை கிராமத்தில் வேர்க்கடலை போடும் குடும்பத்துப் பெண். கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னையில் நாலு வருஷம் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் போகிறவர்களோடு சேர்ந்து சுற்றியதில் மனசு அந்தப் பக்கமே போய்விட்டது. கடைசியில் ஒரு பறவை ஆய்வு அமைப்பில் சேர்ந்து ஊருக்கே திரும்பினாள். ஏரிக்கரையிலும் பாறைகளிலும் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிவைத்து, அது பதிந்ததைக் கம்ப்யூட்டரில் போட்டு, எந்தெந்தப் பறவை கத்தியது என்று பட்டியல் எடுப்பதுதான் வேலை.

பௌர்ணமி வந்தால் இந்த வேலைக்குத் தொந்தரவு. கிரிவலப் பாதை முழுக்க ஒலிபெருக்கியும் பஸ்ஸும். அந்த இரைச்சலையெல்லாம் மெஷின் பறவை என்று எழுதிவைக்கும். சிந்துஜா தாழ்ந்த சுருதியில் வரும் ஒலிகளை மொத்தமாக வெட்டிவிடும் ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். பட்டியல் பளிச்சென்று வந்தது. அமைப்பின் தலைவர் பிரசாத் அவளைப் பெங்களூரில் பறவை ஆய்வாளர்கள் கூட்டத்தில் பேசவைத்தார். நல்ல கைதட்டல். மற்ற ஊர்களிலும் அதையே போட ஆரம்பித்தார்கள்.

போன ஜனவரியில், ஊருக்கு மேற்கே ஒரு பாறைக்குன்றில் ஜல்லி உடைக்க அனுமதி கேட்டிருந்தார்கள். அங்கே என்ன பறவைகள் இருக்கின்றன என்று சிந்துஜா மூன்று வாரம் பதிவெடுத்துப் பட்டியல் தயாரித்தாள். பிரசாத்தோடும் இரண்டு அதிகாரிகளோடும் அவள் இடத்தைப் பார்க்கப் போன அன்று, அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அவள் அண்ணி ரேணுகாம்பாள் கிட்டே வந்தாள்.

"சிந்து, அந்த இடுக்குல கோட்டான் ஜோடி ஒண்ணு கீதும்மா. தரையிலயே முட்டை வுட்டிருக்குது."

சிந்துஜா சிரித்துவிட்டாள். "மூணு வாரமா மெஷின் கேட்டுகினு இருந்துச்சு அண்ணி. ஒரு கோட்டான்கூட கத்தல. நீங்க வேற எதையாச்சும் பாத்திருப்பீங்க."

ஓர் அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். ரேணுகாம்பாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். அந்த இடுக்கு நாற்பதடி தூரத்தில்தான் இருந்தது. சிந்துஜா போய்ப் பார்க்கவில்லை. 'குறிப்பிடத்தக்க பறவை எதுவும் இல்லை' என்று அறிக்கை போனது.

மார்ச்சில் பாறைக்கு வெடி வைத்தார்கள். மறுநாள் காலையில் ரேணுகாம்பாள் ஒரு கூடையோடு வந்து நின்றாள். மேலே மூடியிருந்த துண்டை விலக்கினாள். சாம்பல் நிறப் பஞ்சு உடம்பு, பெரிய ஆரஞ்சுக் கண்கள், ஒரு பக்கம் தொங்கும் இறக்கை.

"இது இன்னா குஞ்சுன்னு நீதான் பாத்து சொல்லணும் சிந்து. எனக்கு அவ்ளோவா தெரியாது."

அந்தக் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சிந்துஜா குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். வனத்துறையிடம் ஒப்படைத்தார்கள். இரண்டாம் நாள் அது இறந்துபோனது.

குஞ்சு இறந்த அன்றைக்கு மத்தியானம் அவள் எதையும் வெட்டாத பழைய பதிவைத் திறந்து ஹெட்போனை மாட்டினாள். முதல் நாள் பொழுது சாயும் நேரம், அடித்தொண்டையில் ஆழமாக ஒரு கூவல். அதற்கு இன்னொன்று பதில் சொன்னது. அடுத்த நாளும் இருந்தது. மூன்று வாரமும் இருந்தது. கோட்டானின் குரலும் அதே தாழ்ந்த சுருதிதான் என்று அவளுக்குத் தெரியும். பெங்களூரில் கைதட்டியவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

பிரசாத்துக்கு போன் செய்தாள்.

"ரிப்போர்ட் போயாச்சும்மா. இனிமே யார் கேக்கப் போறாங்க? அடுத்த தடவ சரி பண்ணிக்கலாம்."

அதைக் கேட்டதும் மூச்சு லேசானது. அந்த நிம்மதியோடு இரண்டு நாள் சும்மா இருந்தாள். பின்னாளில் இதை என்னிடம் சொன்னபோது, பாறையைவிட, குஞ்சைவிட, அந்த இரண்டு நாளைச் சொல்லத்தான் அவளுக்கு நாக்கு எழவில்லை.

மூன்றாம் நாள் தவறு தன்னுடையது என்று பெயர் போட்டு எழுதி, பதிவுகளையும் இணைத்து அதிகாரிகள் உட்பட எல்லோருக்கும் அனுப்பினாள். ஜல்லி வேலையை நிறுத்திவைத்தார்கள். அதற்குள் குன்றில் பாதி போய்விட்டது. அந்த புரோகிராமைப் போட்ட இன்னும் இரண்டு ஊர்ப் பட்டியல்களும் தப்பு என்று தெரிந்தது. பிரசாத் ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

அண்ணியிடம் போய் மன்னிப்புக் கேட்டாள்.

"அத்த வுடு. நாலு பேர் எதிர்ல சொன்ன பாரு, அதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றாள் ரேணுகாம்பாள்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் மறு விசாரணை நடந்தபோது அண்ணியையும் கூட்டிப்போனாள். "இவங்க ஜனவரியிலயே சொன்னாங்க சார். நான்தான் சிரிச்சேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். சொல்லிவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை.

இப்போதும் அதே வேலைதான். பதிவுகளைத் தன் காதாலும் கேட்கிறாள். ஆடு மாடு மேய்ப்பவர்களிடம் விசாரித்த பிறகே அறிக்கை எழுதுகிறாள். மிச்சக் குன்றுக்குக் கோட்டான்கள் திரும்பி வந்தனவா என்பது அவளுக்குத் தெரியவில்லை. அங்கே தினமும் போகிற ரேணுகாம்பாள் ஊர்க் கதை, பிள்ளைகள் படிப்பு, கடலை விலை எல்லாம் அவளிடம் பேசுகிறாள். பறவையைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. கேட்கலாம்தான். சிந்துஜாவுக்குத்தான் இன்னும் அதைக் கேட்க முகமில்லை.