மாமாவின் மரங்கொத்தி

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூரில் ஒரு மில் ஆபீஸில் பெரிய வேலை. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஐம்பது வயதுக்கு மேல் அவருக்குத் திடீரென்று இயற்கை பிடித்துக்கொண்டது, சிலருக்குச் சர்க்கரை வருவதுபோல. சர்க்கரை வந்தவர்களாவது வாயைக் கட்டுவார்கள். இவருக்கு வாய் இன்னும் அகலமாகத் திறந்துகொண்டது.

ஒரு மாசி மாதம், ஆபீஸ் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கீழ் கோத்தகிரியில் எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். ஒரு வாரம் மலையில் நடக்கப் போகிறார்களாம், மரங்கொத்தி பார்க்கப் போகிறார்களாம். நடப்பதற்கென்றே பூட்ஸ், வெயிலே இல்லாத இடத்தில் தொப்பி, ஆளுக்கொரு பைனாகுலர். எங்கள் ஊரில் பஸ் தவறினால் எல்லோரும் நடப்போம். அதற்கு லீவு போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம் அது. பறித்த இலையை வேண்டாம் என்று ஃபேக்டரியில் திருப்பி அனுப்பினார்கள். ரோட்டோரம் கொட்டிய இலை கறுத்துக் கிடந்தது. ஊரில் பாதி ஆண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் போகவில்லை. எங்கள் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களை விற்று, பழைய ஜீப் ஒன்று வாங்கி, வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று இருந்தார். மரம் விற்றால் ஜீப், விற்காவிட்டால் திருப்பூர். எங்கள் குடும்பம் அப்போது அந்த மரங்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பச்சை மரத்தை அப்படியே வெட்டினால் மண்ணுக்குள் வேர் அழுகி, பக்கத்துத் தேயிலைச் செடிகளுக்கு நோய் பரவும். அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்துவிட்டு, மரத்தை நின்றபடியே சாக விடுவது எஸ்டேட் வழக்கம். நாங்களும் முந்தின வருடமே உரித்து விட்டிருந்தோம். ஆனால் காய்ந்த மரத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. வண்டு துளைத்துவிட்டால் பிறகு அது அடுப்புக்குத்தான். சனிக்கிழமை ஆட்களோடு வந்து வெட்டிக்கொள்வதாக மர வியாபாரி சொல்லியிருந்தார்.

விருந்தாளிகள் தினமும் காலையில் நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சோற்றை வாங்கிக்கொண்டு சோலைக்குள் போனார்கள். பறவை பார்க்கப் போனவர்கள் வாயை மூடவில்லை. ஒருவர் சம்பள உயர்வைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் மருமகளைப் பற்றிப் பேசுவார். "ஷ்ஷ்! சத்தம் போடாதீங்க!" என்று மாமா போடுகிற சத்தத்தில் கீழே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு நாய்கள் குரைக்கும். சாயங்காலம் அட்டை கடித்த கால்களை வாசலில் நீட்டிக்கொண்டு, மரங்கொத்தியைக் காணோம் என்று ஏதோ நான் ஒளித்து வைத்ததுபோல என்னிடம் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது எங்கள் தோட்டத்திலேயே அது இருந்தது. பொன்முதுகு மரங்கொத்தி. காய்ந்த சில்வர் ஓக்கில் ஒரு பொந்து, பக்கத்தில் வாலை ஊன்றிக்கொண்டு பறவை.

"அம்மிணி, பாத்தயா! உங்க தோட்டத்துலயே! மருந்தடிக்காத சுத்தமான எடம், அதான் தேடி வந்திருக்குது!"

"செத்த மரமுங்க மாமா. நாங்களே பட்டைய உரிச்சுக் கொன்னது. புழு திங்க வந்திருக்குது" என்றேன்.

"அதுதான் நேச்சர்!" என்று நண்பர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பறவை அழகாகத்தான் இருந்தது. சிவந்த கொண்டையும் பொன் முதுகுமாக, தலையைப் பின்னுக்கு இழுத்து இழுத்துக் கொத்தியது. அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த வாரம் எங்கள் தோட்டத்துக்கு வந்த விருந்தாளிகளில் தன் சோற்றுக்குத் தானே உழைத்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை வியாபாரி கயிறும் ரம்பமுமாக ஆட்களோடு வந்தார். மாமா லுங்கியோடு ஓடிப் போய் மரத்தடியில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"கூடு வெச்சிருக்கற மரத்த வெட்டறதாவது! குஞ்சு பறந்ததுக்கப்பறம் வாங்க."

"அந்த ஒரு மரம் நிக்கட்டுங்க மாமா, மத்ததை வெட்டிக்கட்டும்" என்றேன்.

"மத்த மரம் சாயற சத்தத்துல அது ஓடிப்போயிரும் அம்மிணி."

"இந்த மரமெல்லாம் வித்தாத்தான் இவிக திருப்பூர் போகாம இங்கயே இருப்பாங்க மாமா."

"ரெண்டு மாசத்துல என்ன குடியா முழுகிரும்?" என்று சிரித்தார். நண்பர்களும் சிரித்தார்கள்.

வியாபாரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க சொல்லுங்க" என்று நானும் அவரைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவர் மாமா. மூத்த சகலையை நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. சொந்த மரத்தடியில் நின்றுகொண்டு அந்த மனிதர் தரையைப் பார்த்தார். "அண்ணன் சொல்றாங்கல்லங்க... அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். அந்த நிமிடம் மாமாவைவிட இவர் மேல்தான் எனக்கு அதிகம் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க ஊட்டுப் பஞ்சாயத்து முடியற வரைக்கும் நமக்கு ஆகாதுங்க. மலை பூரா மரம் விக்கத்தான் நிக்கறாங்க" என்று வியாபாரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். அப்புறம் எத்தனை தடவை சொல்லி அனுப்பியும் அவர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு எல்லோரும் காரில் ஏறினார்கள். போகிற போக்கில் எங்கள் வீட்டு டீத்தூள் ஆளுக்கொரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் இன்னொரு வியாபாரி வந்து மரத்தை நகத்தால் சுரண்டினார். மாவாகக் கொட்டியது. எல்லா மரத்திலும் வண்டு விழுந்திருந்தது. அவர் டீகூடக் குடிக்காமல் கிளம்பினார். அந்த வாரமே என் வீட்டுக்காரர் ஒரு பையோடு திருப்பூர் பஸ் ஏறினார். பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை.

மாமா அடிக்கடி போன் செய்தார். முட்டை வைத்ததா, குஞ்சு எட்டிப் பார்க்கிறதா, பாம்பு கீம்பு ஏறாமல் பார்த்துக்கொள்கிறோமா என்று கேட்பார். குஞ்சுகள் பறந்துவிட்டன என்று நான் சொன்ன அன்று, ஆபீஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாராம். அக்காவே பெருமையாகச் சொன்னாள். என் வீட்டுக்காரரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவர் ஊரைவிட்டுப் போனதை அக்காவிடம் அன்றைக்கே சொல்லியிருந்தேன். அது அவர் காதில் ஏறவில்லை போலிருக்கிறது.

மே மாதம் திரும்பக் கூப்பிட்டார்.

"அம்மிணி, அடுத்த வாரம் அதே செட்டோட வர்றோம். தம்பியக் கோத்தகிரிக்கு வந்து நிக்கச் சொல்லு."

"வர வேண்டாமுங்க மாமா. அவிக இங்க இல்ல. திருப்பூர் போய் ரொம்ப நாளாச்சு."

"அடடா!" என்று பதறினார். மனிதருக்கு இப்போதாவது உறைத்திருக்கும் என்று நினைத்தேன்.

"அப்ப அந்த மரத்த யாரு பாத்துக்கறது?" என்றார்.

"நான்தானுங்க மாமா. உங்க மரங்கொத்தி கூடு வெச்ச துண்டு இப்பத்தான் அடுப்புல எரியுது. சோறு பொங்கப் போகுது, வெக்கறேன்" என்றேன்.