சபாபதி குனிந்த படம்

போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று சௌந்தரத்துக்கு யார் சொல்லி வைத்தார்களோ, அந்த வாயில் மண்ணைப் போடணும். சிதம்பரத்துக்குக் கிழக்கே வயல்காட்டில் பிறந்து, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறவர்களின் லைன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ரயிலுக்குப் பயப்படவில்லை, காது கிழிய ஊதும் ஆலைச் சங்குக்கும் பயப்படவில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருத்தன் நிற்பானே, அந்தப் பெட்டிக்குத்தான் பயம்.

அறுபத்தொண்ணாம் வருஷம் கரும்பு அரவை முடிந்த அன்றைக்கு, பாய்லர் ஆட்களையெல்லாம் நிறுத்தி குரூப் போட்டோ எடுக்கிறதாக ஏற்பாடு. அவள் புருஷன் சபாபதி பாய்லர் எரியக் கரும்புச் சக்கை தள்ளுகிறவன். புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, மாப்பிள்ளை கணக்காகக் கிளம்பினான். இவள் கைக்குழந்தையைத் தூக்கி அவன் காலடியில் போட்டாள்.

"இவ மேல சத்தியம் பண்ணு. படத்துல மூஞ்சியக் காட்டக் கூடாது."

மேஸ்திரி கூப்பிட்டால் நிற்காமல் முடியுமா? பண்ணின சத்தியத்தைத்தான் மீறலாமா? பாவம், நின்றான். பக்கத்தில் நின்ற கூட்டாளி உத்திராபதியின் தோளில் கையையும் போட்டுக்கொண்டான். 'ரெடி' என்று சத்தம் வந்ததும் தலையை மட்டும் குனிந்துகொண்டான். படம் வந்தபோது லைன் முழுக்க ஒரே சிரிப்பு. "ஏம்பா சபாபதி, கீழ என்னத்தப்பா தேடுன?" என்று கேட்காத ஆள் இல்லை.

அடுத்த வருஷம் ஐப்பசி அடைமழையில் மஞ்சள்காமாலை வந்து அவன் போய்ச் சேர்ந்தான். செத்தவரை நாற்காலியில் உட்கார வைத்தாவது ஒரு படம் எடுத்து வைப்பார்கள் அந்தப் பக்கத்தில். அன்றைக்கென்று பார்த்து கெடிலம் ஆற்றில் வெள்ளம். கடலூரிலிருந்து போட்டோக்காரன் எங்கே வருவான்? படமெடுக்காமலே தூக்கிவிட்டார்கள். எந்த ஆயுசுக்குப் பயந்து மூஞ்சியை மறைக்கச் சொன்னாளோ அந்த ஆயுசும் நிற்கவில்லை.

லைன் வீட்டைக் காலி பண்ணிவிட்டு, அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் பாத்திரம் தேய்க்க வந்து சேர்ந்தாள். அங்கே ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலையாக இருந்த தம்பி ஞானசேகரன்தான் வேலையும் வீடும் பார்த்துக் கொடுத்தான். தங்கமான பிள்ளை. அந்தத் தங்கமான பிள்ளை நல்லது செய்கிறேன் பேர்வழி என்று செய்த காரியத்தைக் கேளுங்கள்.

குழந்தை மலர்க்கொடிக்கு மூன்று வயசாயிருந்தது. "அப்பா எங்கம்மா?" என்று அது கேட்பதும், அக்கா மூலையில் உட்கார்ந்து அழுவதும் அவனுக்குப் பொறுக்கவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்த குரூப் போட்டோவைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் ஸ்டுடியோவுக்குப் போனான். அக்கா புருஷனை அவன் பார்த்தது கல்யாணத்தில்தான். அப்புறம் இரண்டொரு தரம் பார்த்திருந்தால் அதிகம். ஒடிசலான முகம், முறுக்கின மீசை. இவர்தான் என்று ஒரு தலைமேல் விரலை வைத்தான். ஸ்டுடியோக்காரர் அந்தத் தலையை மட்டும் பெரிசாக்கி, கழுத்துக்குக் கீழே கோட்டு மாட்டினதாக வரைந்து, நெற்றியில் பட்டை போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் அடைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்தான். உத்திராபதி!

சௌந்தரம் "டேய்" என்று வாயெடுப்பதற்குள், "இதான்டி ஒங்கப்பா" என்று அவன் சொல்லிவிட்டான். குழந்தை சட்டத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கண்ணாடியெல்லாம் எச்சிலாக முத்தம் கொடுத்தது. அதைப் பார்த்த பிறகு எந்தத் தாய்க்கு வாய் வரும்? நாளைக்குச் சொல்லிக்கலாம் என்று விட்டாள். அந்த நாளை வரவேயில்லை.

படம் சுவரில் ஏறியது. மாலை, குங்குமம், வெள்ளிக்கிழமை விளக்கு. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு! 'நடராஜா, அவருக்கு ஒண்ணும் வந்துடக் கூடாது' என்று வேண்டிக்கொண்டேதான் திரியைப் போடுவாள். யாராவது நெல்லிக்குப்பத்து ஆள் வந்து பார்த்துவிட்டால் என்ன ஆகும், பெண்ணுக்கு அப்பன் இல்லாமல் போய்விடுமே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பெண்ணோ ஓயாமல் நெல்லிக்குப்பத்துக் கதை கேட்கும். சௌந்தரமும் சொல்வாள். சங்கு ஊதினால் லைனே எழுந்து ஓடும். காயப்போட்ட வெள்ளை வேட்டியில் கரித்தூள் விழும். பாகு புளித்த நாற்றம் சோற்றில்கூட ஏறும். அப்பா பாய்லர் சூட்டில் வெந்து வந்து, கரும்பு கடித்துத் துப்பிக்கொண்டே பாட்டுப் பாடுவார். இதைச் சொல்லும்போதெல்லாம் பெண் சுவரைப் பார்க்கும். கூடவே தாயும் பார்ப்பாள்.

அறுபத்தெட்டு மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் வந்த உத்திராபதி, "சபாபதி சம்சாரத்தப் பாக்காம போவக் கூடாது" என்று விசாரித்துக்கொண்டு, பெண்சாதி தனக்கோடியோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். முதலில் பார்த்தது மலர்க்கொடிதான்.

"அம்மா! அப்பா வந்துட்டாரும்மா!"

சௌந்தரம் மாவுக் கையோடு ஓடி வந்தாள். அதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். தனக்கோடியின் கண் சுவருக்குப் போனது.

"அய்யய்யோ! எம் புருஷன் குத்துக்கல்லாட்டம் நிக்கறப்பவே மாலை போட்டு வெளக்கேத்தி வச்சிருக்கியேடி! போன வருஷம் படுத்த படுக்கையா கெடந்தாரே, இதாலதானா? ஒனக்கு என்னாடி கேடு செஞ்சோம்? இல்ல, இதுல வேற எதனா சங்கதி இருக்குதா?"

கடைசி வார்த்தையில் சௌந்தரம் செத்துப் பிழைத்தாள். "அண்ணி, அப்பிடிச் சொல்லாதீங்க" என்று அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். பெண்ணுக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை வருஷம் மறைத்ததை, பெண்ணை வைத்துக்கொண்டே சொல்ல வேண்டியதாகிவிட்டது. டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய குரூப் போட்டோவையும் எடுத்து நீட்டினாள்.

உத்திராபதி அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு மலர்க்கொடி பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"நான் ஒங்கப்பா இல்ல கண்ணு, பெரியப்பா. தோ பாரு, எந் தோள் மேல ஒரு கை கெடக்குது பாரு. இந்தக் குனிஞ்ச தலையும் அந்தக் கையுந்தான் ஒங்கப்பா."

குழந்தை அந்தக் கையைப் பார்த்தது. பெட்டிமேல் ஏறிச் சுவரிலிருந்த மாலையைக் கழற்றியது. பாவாடையால் குங்குமத்தை அழுந்தத் துடைத்தது. "ஒங்களுக்கு இனிமே ஒண்ணும் ஆவாது பெரியப்பா" என்றது.

திரும்ப இறங்கி வந்து குரூப் போட்டோவை எடுத்துக்கொண்டு தாயிடம் போனது.

"மூஞ்சியே தெரியலியேம்மா. அப்பா எப்பிடி இருப்பாரு?"

சௌந்தரம் சொல்ல வாயைத் திறந்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவன் முகத்தைத் தேடினாள். சங்குச் சத்தம் கேட்டது. கரித்தூள் விழுந்த வேட்டி தெரிந்தது. புதுச் சட்டை தெரிந்தது, எண்ணெய் தடவி வாரின தலை தெரிந்தது. அந்தத் தலை மெல்ல நிமிர்ந்தது.

"அண்ணே!" என்று உத்திராபதியைப் பார்த்து அலறினாள். "எனக்கும் ஒங்க மூஞ்சிதாண்ணே வருது!"