அம்மனுக்கு முந்திய புதன்கிழமை

எங்கள் வீட்டு ரேடியோ வாசல் பலாமரத்தில்தான் தொங்கும். மலைமேல் இருப்பதால், உள்ளே வைத்தால் வெறும் இரைச்சல். பாட்டுக்காக வாங்கியது, நடுவில் வரும் விவசாய நிகழ்ச்சியைத் திட்டிக்கொண்டே கேட்பேன். காட்டில் கால் வைக்காதவர்கள் எனக்குப் பாடம் எடுப்பதா என்று மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் ஒருநாளும் நிறுத்தியதில்லை.

அந்த ஐப்பசியில் எங்கள் இரண்டு ஏக்கர் சாமையும் அறுக்கும் பதத்தில் நின்றது. அதற்கு முந்தைய வருடம் அறுத்துப் போட்டது மழையில் கிடந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. விதைக்குக்கூட மிஞ்சவில்லை. இந்த முறையும் போனால் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவதாக என் கணவர் சொல்லியிருந்தார். போனவர்கள் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எனக்குத் தெரியும். பயமாக இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் ரேடியோவில் வியாழக்கிழமை மாலையிலிருந்து கனமழை என்றார்கள். எங்கள் ஊரில் தலைவரான ஊர்க்கவுண்டர் முதல் கதிரை அறுத்து அம்மனுக்குப் படைக்காமல் யாரும் அரிவாளைத் தொடக்கூடாது. அதற்கு வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது.

கவுண்டர் எனக்கு மாமா முறை. அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"மாமா, நாள முன்னால வெச்சிக்கலாங்க. மழ வருதாம்."

"இன்னாம்மா, பொட்டி பேசுதுன்னு அம்மன் நாள மாத்துவாங்களா? அது கீழ போளூருக்குச் சொல்ற மழ."

சுருக்கென்றது. இத்தனை நாள் நானே சொல்லிக்கொண்டிருந்த பேச்சுத்தானே அது!

மறுநாள் காலை, நிகழ்ச்சியில் சொல்லும் எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். எடுத்ததும் சண்டைக்குப் போனேன். "நீங்க சொல்ற மழ மலைக்கும் சேத்தா, கீழ இருக்கறவங்களுக்கு மட்டுமா? எங்களயும் கணக்குல வெச்சிருக்கீங்களா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எந்தப் பக்கம், என்ன பயிர், எந்தப் பதம் என்று நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "விசாரிச்சு சாயங்காலம் சொல்றேங்க" என்றார். எனக்கு நம்பிக்கையில்லை.

சாயங்காலம் ரேடியோவைக் கழற்றி எடுத்துக்கொண்டு கவுண்டர் வீட்டுக்கே போனேன். அவருடைய களத்துமேட்டில் உயரமான கல்லாகப் பார்த்து வைத்ததும் குரல் தெளிந்தது. "புதூர்நாட்டுப் பக்கம் மலைமேல சாமை அறுப்புக்குக் காத்திருக்கிறவங்க கவனத்துக்கு" என்று அதே பெண் ஆரம்பித்தார். மழை மலைக்கும் உண்டு, வியாழக்கிழமைக்குள் அறுத்துக் கட்டி, மேட்டில் போர் வைத்து மூடிவிடுங்கள் என்றார். எங்கள் மலையைச் சொல்லி ரேடியோ பேசியதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். "அரிவாள எடுத்து வைங்க. அம்மனுக்கு நனஞ்ச கதிரயா படைக்கறது?"

புதன்கிழமை விடியும்போதே படையல் முடிந்தது. இரண்டு நாள் ஊரே காட்டில் குனிந்து கிடந்தது. இடுப்பு விட்டுப்போனது. வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிப் போரையும் தார்ப்பாயால் மூடினோம். மழையைக் காணோம். வானம் பளிச்சென்று இருந்தது. "ரேடியோக்காரி, எங்கம்மா உன் மழ?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். நான் தார்ப்பாயின் ஓரத்தில் இன்னொரு கல்லை ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை பிடித்த மழை ஞாயிற்றுக்கிழமைதான் விட்டது.

தார்ப்பாயைத் தூக்கிப் போருக்குள் தோள்வரை கையை விட்டேன். அகப்பட்ட கதிர்களை உருவிக் கசக்கி ஊதினேன். என் கணவர் "இன்னா?" என்றார். உள்ளங்கையை விரித்து அவரிடம் நீட்டினேன். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்தார். நறுக்கென்று சத்தம் கேட்டது.

"நல்லாக் காஞ்சிருக்குது" என்றார். தார்ப்பாயை இழுத்து மூடினார். "நான் எங்கயும் போவல."