ஆற்றுப்பாறைக்குப் போன லைஃப் ஜாக்கெட்

கல்லூரியில் நிலவியல் படிக்கும் என் மகள், மலையடிவாரத்தில் தாமிரபரணி பாறையைக் குடைந்து ஓடும் இடத்துக்கு வகுப்போடு போகவேண்டும் என்றபோது முதலில் முடியாது என்றேன். முன்பு வந்த பெருவெள்ளத்தின்போது அவள் ஸ்ரீவைகுண்டத்தில் என் நாத்தனார் வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டாள். போன் கிடைக்கவில்லை. சாலையை ஆறு அறுத்துப் போட்டிருந்தது. படகில்தான் அவளை மீட்டார்கள். இன்றும் எங்கள் மில்லர்புரத்தில் மழை வலுத்தால் அவளை வெளியே விடமாட்டேன்.

"போகலன்னா மார்க் போயிரும்மா" என்று மட்டும் சொன்னாள். அரை மனதோடு சம்மதித்தேன். கடலில் மீன்பிடிக்கும் என் அண்ணனின் வள்ளத்திலிருந்து ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கி அவள் பையில் திணித்தேன்.

அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏளா, இந்தக் கோடையில அங்க கணுக்கால் தண்ணிதான் கெடக்கும். நங்கூரமும் தரட்டா?"

"தாண்ணே, அதையும் கட்டி விடுதேன்."

அன்று பகல் முழுக்க எனக்கு அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. சாயங்காலம் வெயிலில் கறுத்துப்போய் வந்தாள். போனில் படம் காட்டினாள். பாறையில் ஆட்டுரல் குழிபோல வழவழப்பாக ஒரு பள்ளம், அடியில் உருண்டைக் கற்கள். பக்கத்தில் ஜாக்கெட்டைப் போட்டு, அதன்மேல் மண்டியிட்டு அளந்துகொண்டிருக்கிறாள்.

"முதல்ல எல்லாரும் கேலி பண்ணுனாளுவ. பாறை சுட்டதும் ஆளாளுக்கு அதக் கேட்டாளுவ" என்றாள். "இந்தக் கல்லு சுத்திச் சுத்தித்தான் குழி தோண்டுதும்மா. குழியும் குழியும் சேந்து ஆறு கீழ எறங்கும். இப்படியே போயி மலையவே ரெண்டாப் பொளந்துரும்."

"எவ்வளவு நாள்ல?"

"நாளா? லட்சக்கணக்கான வருசம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரே இரவில் சாலையைக் கொண்டுபோன ஆறு வேறு, இது வேறு என்று தோன்றியது. "அப்ப அங்க தண்ணி மெதுவாத்தான் வரும்."

கொஞ்சம் யோசித்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. "இல்லம்மா. பெரிய வெள்ளம் வந்தாத்தான் இந்தக் கல்லெல்லாம் சுத்தும். மத்த நாள்ல சும்மா கெடக்கும்."

இனிமேல் போகவேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மாடியில் நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்தவளே அவள்தான். அவள் குரலில் பயமில்லை. படத்தைப் பெரிதாக்கி இன்னொரு கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசமும் போறோம். மாமாகிட்ட ஜாக்கெட்டக் கேட்டு வைம்மா. முட்டிக்கு மெத்துன்னு இருக்கு."

முட்டிக்கோ எதற்கோ, அது அவளோடு போனால் போதும். அப்போதே அண்ணனுக்குப் போன் போட்டேன்.