மன்னிக்காமலே போன ரஞ்சிதம் அக்கா

சூரியநெல்லிக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் முற்பகல் கொழுந்து வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். லாரி டிரைவர் என் ஆபீஸ் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். வழக்கமாக வாசலில் இருந்தே சத்தம் போடுகிறவர், அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“மேல் டிவிஷன் ரஞ்சிதம் அக்கா போயிட்டாங்க சார். கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தவங்க, நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தாங்க. அதுக்கு மேல எந்திரிக்கல.”

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ‘அந்த ரிசார்ட்காரர்கள் இரண்டு பேரும் இன்று நிம்மதியாகச் சாப்பிடுவார்களே’ என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. அழுகை சாயங்காலம் வந்தது. அக்காவை அறிந்தவர்கள் இந்த வரிசையைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ரஞ்சிதம் அக்கா கொழுந்து பறிக்கும் தொழிலாளி. கல்யாணம் ஆகி இரண்டு வருஷத்தில் புருஷனை இழந்தவர். அப்பா அம்மா இல்லாத தம்பி செல்வத்தைத் தன் லயத்து வரிசை வீட்டில் வைத்து வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் எஸ்டேட் கால்பந்து மைதானத்துக்கு மேலே சரிவில், கார்னர் கொடிக்கு நேராக உட்கார்ந்திருப்பார். பந்தை உதைத்தது கிடையாது. ஆனால் ஆஃப்சைடு என்றால் கொடி தூக்குகிறவருக்கு முன்னால் அவர் கை தூக்கிவிடும். ஒருமுறை அடிமாலியிலிருந்து வந்த ரெஃபரி நம் டீம் போட்ட கோல் ஒன்றைச் செல்லாது என்று சொல்லிவிட்டார். இடைவேளையில் அவர் கட்டன் சாயா குடிக்க வந்தபோது, அக்கா நாலு தேயிலைக் குச்சியைத் தரையில் நட்டு, யார் எங்கே நின்றார்கள் என்று காட்டினார். ரெஃபரி குனிந்து பார்த்துவிட்டு, “சேச்சி பறஞ்சது சரியாணு” என்று மலையாளத்தில் ஒப்புக்கொண்டார். கோலைத் திருப்பித் தரவில்லை. அந்த ரெஃபரியையும் அக்கா கடைசிவரை மன்னிக்கவில்லை.

எங்கள் டீமுக்கு ‘மூணு டிவிஷன்’ என்று பெயர். எஸ்டேட்டின் மூன்று டிவிஷன் தொழிலாளர்கள் சேர்ந்து ஆரம்பித்ததால் வந்த பெயர் அது. பச்சைச் சட்டை, தோளில் சிவப்புக் கோடு. இருபது வருஷம் அந்த டீமுக்கு மைக்கில் வர்ணனை சொன்னவன் நான். மூணாறு போகிற வழியில் ரிசார்ட் கட்டிய அண்ணன் தம்பி இருவர் ஒருநாள் வந்து, டீமை எங்களிடம் கொடுங்கள், பெரிய லீகில் ஆட வைக்கிறோம் என்றார்கள். அவர்கள் பெயரை நான் எழுதப்போவதில்லை. அக்காவைப் பற்றிய எழுத்தில் அவர்களுக்கு இடம் கிடையாது. டீம் கமிட்டியில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர், ஒன்பதும் ஆண்கள். அவர்கள் நீட்டிய பேப்பரில் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் ஃபேக்டரி ஏற்றத்தில் அக்கா என்னை நிறுத்தினார்.

“பேப்பரை வாசிச்சுப் பாத்தியா தம்பி?”

“இங்கிலீஷ்ல இருந்துச்சுக்கா.”

“உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே.”

அக்கா கூடையைச் சரிசெய்துகொண்டு ஏறிப்போனார். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

முதலில் சட்டை மாறியது. பச்சை போய் ரிசார்ட் போர்டில் இருக்கிற நீலம் வந்தது. அடுத்து, பெயருக்கு முன்னால் ரிசார்ட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. அதை மைக்கில் முதலில் வாசித்தவனும் நான்தான். பாதி ஆட்டங்களை மலைக்குக் கீழே, கீழ்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்படி ஓர் ஆட்டத்தில்தான் செல்வத்தின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அவன் அப்போது டீமின் இடதுபக்க டிஃபெண்டர். ஓர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, டீம் பஸ் அவனை விட்டுவிட்டு மலை ஏறிவிட்டது. அக்கா மறுநாள் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது, செல்வம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் கிடந்தான். முந்தின நாள் ஆடிய சட்டை, சேற்றோடு அப்படியே உடம்பில் இருந்தது. யாரும் ஒரு துண்டு கொடுத்திருக்கவில்லை.

திரும்பி வந்ததும் அக்கா நேராக ரிசார்ட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். காரில் ஏறப்போன அண்ணன்காரர் நின்று, அக்கா செல்வத்தின் நிலைமையைச் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“நோக்காம் சேச்சி, நோக்காம்.”

பார்க்கலாம் என்று அர்த்தம். ஆனால் அவர்கள் பார்க்கவில்லை. அடுத்த வாரம் வந்த ஆட்டக்காரர் பட்டியலில் செல்வத்தின் பெயரே இல்லை. கால் சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. இப்போது அவன் தேயிலை நர்சரியில் காவல் வேலை பார்க்கிறான். பட்டியலைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னதை நான் மறக்க மாட்டேன். “தம்பி, பாத்துக்கிட்டே இரு. இந்த மைதானத்துல அந்த ரெண்டு பேரும் நாற்காலி போட்டு உக்கார முடியாம ஆக்குதேன்.”

அதை அவர் கோபத்தில் சொல்லவில்லை. சாயங்காலம் என்ன சமைக்கப் போகிறேன் என்று சொல்வது மாதிரி சொன்னார்.

எங்கள் மைதானத்தில் அடுத்த ஆட்டம் வந்தது. முதலாளிகள் விருந்தாளிகளோடு பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்று காலை ஆள் கூடுகிற பெரட்டில் அக்கா ஒவ்வொரு பெண்ணிடமும் பேசியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. விசில் ஊதியதும் சரிவில் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். கோஷம் இல்லை, கொட்டு இல்லை. தேயிலைக் காட்டைப் பார்த்தபடி நின்றார்கள். தூறல் விழுந்தது. யாரும் அசையவில்லை. நான் சரிவோரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தே நின்றேன். அக்கா திரும்பாமலேயே கேட்டார்.

“நீ எந்தப் பக்கம் பாத்து நிக்கே தம்பி?”

மைக்கை அணைத்தேன். நானும் திரும்பினேன். அன்றோடு அவர்களுக்கு வர்ணனை சொல்வதை விட்டேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நம் பையன் ஒருவன் கோல் போட்டான். வலையில் பந்து விழுந்த சத்தம் கேட்டது. சரிவில் இருந்து ஒரு கைதட்டல்கூட எழவில்லை. என் பக்கத்தில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “பேச்சி மவன்தான் அடிச்சிருப்பான், உதைக்கிற சத்தத்துலேயே தெரியுது. திரும்பிப் பாக்க முடியலையே. இதுக்கும் சேத்து அவனுவ பதில் சொல்லணும்” என்றார். பந்தலில் இருந்தவர்கள் இடைவேளையிலேயே போய்விட்டார்கள். அந்த சீசன் முழுக்க, அவர்கள் வந்த ஆட்டங்களில் எல்லாம் சரிவு முதுகைத்தான் காட்டியது. நாலாவது ஆட்டத்துக்குப் பிறகு அவர்கள் வருவதை நிறுத்தினார்கள்.

சும்மா இருந்துவிடுகிற ஆட்களா? மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட ஆள் அனுப்பினார்கள். ரிசார்ட்டுக்கு வருகிறவர்களின் வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம். டீமுக்காக நாங்கள் போட்ட கையெழுத்தோடு மைதானமும் அவர்களுக்கு வந்துவிட்டதாம். அன்று வேலை முடிந்த பெண்கள் வீட்டுக்குப் போகாமல், கூடையோடு வந்து நடு மைதானத்தில் உட்கார்ந்தார்கள். அடுத்த நாளும் உட்கார்ந்தார்கள், அதற்கடுத்த நாளும். போலீஸ் ஜீப் வந்தது. எஸ்.ஐ. அக்காவிடம், “இது பிரைவேட் ஸ்தலம் அல்லே?” என்று கேட்டார். “அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க சார். அதுவரைக்கும் நாங்க இங்க சும்மா உக்காந்திருக்கோம்” என்றார் அக்கா. வில்லேஜ் ஆபீசிலிருந்து வந்து அளந்தார்கள். எஸ்டேட் பழைய காகிதத்தில் அது தொழிலாளர் விளையாட்டு மைதானம் என்றே இருந்தது. வேலிக்குத் தோண்டிய குழிகளை அன்றைக்கே பெண்கள் கையால் மண் தள்ளி மூடினார்கள். கடைசிக் குழியை அக்கா செல்வத்தை விட்டு மூடவைத்தார்.

அதற்குப் பிறகுதான் முதலாளிகளில் தம்பிக்காரர் பழக்கூடையோடு அக்காவின் வீட்டுக்கு வந்தார். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அரிசியைக் களைந்து, உலை வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். தம்பிக்காரர் அதுவரை முற்றத்தில் நின்றார். மன்னிப்புக் கேட்க வந்ததாகச் சொன்னார். “எங்கிட்ட எதுக்கு? அவன்கிட்ட கேளுங்க” என்று அக்கா செல்வத்தைக் காட்டினார். அந்த மனிதர் கேட்டார். செல்வம் நல்ல மனசுக்காரன், பரவாயில்லை சார் என்றுவிட்டான். அவர் பழக்கூடையை வைத்துவிட்டுப் போகப்பார்த்தார். அக்கா அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

அவர் போன பிறகு செல்வம், “விட்டுருக்கா, போதும்” என்றான்.

“கால் உன்னுது, நீ மன்னிச்சிட்ட. கோவம் என்னுது” என்றார் அக்கா.

நான் அதிகம் திருப்பிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் இதுதான்.

முதலாளிகள் எங்கள் மைதானத்தை விட்டுப் போனார்கள். போகும்போது பெயரைக் கொண்டுபோனார்கள். ‘மூணு டிவிஷன்’ என்ற பெயர் காகிதத்தில் அவர்களுடையதாக இருந்தது. நாங்கள் ஒன்பது பேர் போட்ட கையெழுத்தின் பலன் அது. நம் பையன்கள் இன்று பெயரில்லாமல் ஆடுகிறார்கள், நோட்டீசில் ‘எஸ்டேட் டீம்’ என்று போடுகிறார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு முதலாளிகள் கீழ்நாட்டில் வெளியூர் ஆட்களைப் பிடித்து ஒரு சீசன் ஓட்டிப்பார்த்தார்கள். அவர்களுடைய கடைசி ஆட்டத்துக்கு அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வெயில் தாங்காமல் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கடலை கொறித்தபடி கேலரியில் உட்கார்ந்தார். எங்களைத் தவிர முப்பது பேர் இருந்தால் அதிகம். நீலச் சட்டைக்காரர்கள் ஐந்து கோல் வாங்கினார்கள். ஒவ்வொரு கோலுக்கும் அக்கா எழுந்து நின்று நிதானமாகக் கைதட்டினார். பக்கத்தில் இருந்த ஒருவர் எந்த டீம் ஆள் என்று கேட்டார். “தோக்கிற டீம்தான். தோக்கதப் பாக்க வந்தோம்” என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் மலை ஏறத் தொடங்கியதும், குழந்தை மாதிரி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பழிவாங்குவது மனசுக்கு நல்லதில்லை என்று சொல்கிறவர்கள் அன்று அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது, இதை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன். அக்கா போன முப்பதாம் நாள், அதே ரிசார்ட்டிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. ‘ரஞ்சிதம் நினைவுக் கோப்பை’. கால்பந்தை நேசித்த தோட்டத் தொழிலாளியின் நினைவாக, எங்கள் மைதானத்திலேயே, எஸ்டேட் ஆபீசில் அனுமதி வாங்கி, அவர்கள் நடத்துகிறார்களாம். அவர்களின் மேனேஜர் என் வீட்டுக்கு வந்து, அக்காவைப் பற்றி நினைவு மலரில் போட நாலு நல்ல வார்த்தை கேட்டார். பழைய சண்டையெல்லாம் வேண்டாம், அவருடைய உற்சாகத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள் என்றார். எழுத மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். உயிரோடு இருந்தவரை எதிரே வர முடியாதவர்கள், செத்ததும் அவரைத் தங்கள் ஆளாக்கிக்கொள்ள வந்துவிட்டார்கள்.

போன ஞாயிறு அந்த ஆட்டம். சரிவில் ஓர் ஆள்கூட இல்லை. மேடையில் அண்ணனும் தம்பியும் நின்றார்கள். முன்னால் ஒரு நாற்காலியில் அக்காவின் படம், அதற்குச் செவந்தி மாலை. கல்யாண வீட்டில் எடுத்த படம், எங்கிருந்து பிடித்தார்களோ. அண்ணன்காரர் குத்துவிளக்கை ஏற்றக் குனிந்தபோது, மேல் டிவிஷன் பெண்கள் இருவர் வாசல் வழியாக உள்ளே நடந்து வந்தார்கள். பின்னால் செல்வம் காலை இழுத்து இழுத்து வந்தான். மேடைக்கு ஏறினார்கள். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்கள். படத்தை எடுத்துச் செல்வத்தின் கையில் கொடுத்தார்கள்.

“என்னா இது?” என்றார் அண்ணன்காரர்.

செல்வம் அவரை நேராகப் பார்த்தான். “எங்க அக்கா சார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

யாரும் தடுக்கவில்லை. படத்தை மார்போடு அணைத்தபடி, அந்த மைதானத்தின் குறுக்கே, தான் ஆடிய இடதுபக்கம் வழியாகவே நடந்து வெளியே வந்தான். பரவாயில்லை சார் என்று ஒருநாள் சொன்ன அதே செல்வம். மேடையில் இருந்தவர்கள் மாலை மட்டும் கிடந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரோட்டில் காத்திருந்த நாங்கள் வழிவிட்டோம்.

அக்காவின் கூடையை அவர் தோழி கேட்டு வாங்கிக்கொண்டார். சேலைகளை டிவிஷன் பெண்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். படம் செல்வத்தின் வீட்டில் இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது அந்தக் கோபத்தை. கையெழுத்துப் போட்ட என் கையோடு அது இருக்கட்டும். ஆறவிடாமல் வைத்திருப்பேன்.