சத்தம் மாறாதது

திண்டிவனம் சாலையோரப் பட்டறையில் என் பழைய டீசல் கார் உதறிக்கொண்டு நின்றது. மெக்கானிக் இன்ஜினுக்கு டீசல் போகும் இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். தளர்த்தியதும் இன்ஜின் திணறினால் அந்த இன்ஜெக்டர் நல்லது. சத்தம் மாறாவிட்டால் அதுதான் கெட்டது. பீய்ச்சிய டீசலின் நாற்றத்தில் எனக்கு முதுகு எரிந்தது.

நைனாவும் இப்படித்தான் பார்ப்பார். வாடகைக்கு ஓட்டிய அவர் கார் தளவானூர் போகிற வழியில் நின்ற அன்று, டேங்கில் தண்ணீர் கலந்திருந்ததைக் கண்டுபிடித்தார். வீட்டுக்கு வந்ததும் எங்கள் மூவரையும் சுவரோரம் நிறுத்திவிட்டு, பழைய ஃபேன் பெல்ட்டை எடுத்தார்.

"எவன்டா தண்ணி ஊத்தினது?"

முதுகில் விழுந்த முதல் அடியிலேயே நான் அலறினேன். அண்ணன் டவுசரிலேயே மூத்திரம் போய்விட்டான். அக்கா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் எதற்குமே அழமாட்டாள்.

"சத்தமே வரல பாரு. இவதான்."

கை ஓயும்வரை அடித்தார். தோல் பிய்ந்து பாவாடையில் ரத்தம் ஒட்டியது. கடைசியாக இடது காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். அந்தக் காது அன்றோடு போனது.

"இதான் சார் கெட்டது" என்று மெக்கானிக் கத்தினார்.

காருக்குள் இருந்த அக்கா வலது காதை என் பக்கம் திருப்பினாள். "இன்னாடா சொல்றாரு?"

டீசல் குறைந்தால் நைனா எரிந்து விழுவாரே என்று, குடத்துத் தண்ணீரை ஊற்றி டேங்கை நிரப்பியவன் நான். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

"எது கெட்டதுன்னு கண்டுபுடிச்சிட்டாராம்க்கா" என்றேன்.